முதல் தரத்தில் ஏற்றிய நேரலை

வீதி தோண்டிய இயந்திரம் எங்கள் பிரதான ஃபைபர் கேபிளை அறுத்த அன்று ரமழான் நோன்பு இருபத்தொன்பது. கல்முனையில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தின் பொறுப்புப் பொறியியலாளர் நான். எஞ்சியிருந்த மாற்றுப் பாதை ஊரின் தேவையில் சிறு பங்கைத்தான் தாங்கும். யாருக்கு முதலிடம் என்ற வரிசையை நானே எழுதியிருந்தேன்: முதல் தரத்தில் வைத்தியசாலை, அவசர அழைப்புகள்; அதன் பிறகே மற்றவை.

மஃரிப் தொழுகை நேரம் நெருங்கும்போது பள்ளிவாசல் நிருவாகத்திலிருந்த என் மச்சான் அழைத்தார். பெருநாள் பிறை பார்க்கும் கூட்டத்தின் நேரலை நின்று நின்று போகிறதாம்.

"ஊருச் சனமெல்லாம் போனப் பாத்துக்கிட்டு இரிக்கி மச்சான்."

"மிச்சமிரிக்கிறது ஆஸ்பத்திரிக்கு வெச்ச இடம்."

"டொக்டர்மாரும் இப்ப பிறையத்தான் பாக்காங்க. சும்மா கிடக்கிற இடத்த ஆருக்குக் கட்டி வெச்சிரிக்காய்?"

திரையைப் பார்த்தேன். அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. உரியவர் கேட்டதும் பறிக்க முடியுமானால், வெற்றிடத்தை இரவல் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பறித்தால் பிறை அறிவிப்புப் பாதியில் அறுந்துவிடுமே என்று, நேரலையையும் வைத்தியசாலையின் தரத்திலேயே ஏற்றினேன். இனி அதை எதுவும் தள்ளாது. பிறகு நோன்பு திறக்கப் போனேன்.

அந்நேரம் ஒலுவில் துறைமுகத்தில் பாரம் இழுக்கும் வின்ச் கம்பி தலையில் அடித்த ஒரு மீனவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஸ்கேன் படத்தை வெளியூர் நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும். அனுப்பிய படம் இணைப்பில் ஊர்ந்தது. டொக்டர் அழைத்தபோது என் கைபேசி அலுவலக மேசையில் கிடந்தது. நான் திரும்பி வந்து நேரலையை இறக்க முக்கால் மணி நேரமானது. மீனவர் பிழைத்தார். கை விளங்காமல் போனது.

தாமதத்துக்குக் காரணம் கேபிள் அறுந்ததே என்று அறிக்கை எழுதினேன். ஓய்வுபெறும் வரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

போன மாதம் அந்த மீனவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடக்கையால் தேநீரை என் பக்கம் தள்ளினார்.

"எனக்குச் சொல்லி என்ன ஐயா? இப்ப உங்கட கதிரையில இருக்கிறவருக்குச் சொன்னீங்களா?"

"இல்லை."

"அப்ப தேத்தண்ணியக் குடிச்சிட்டு அங்க போங்க."

நிலையத்துக்குக் கடிதம் எழுதி, பழைய அறிக்கையின் காரணத்தை என் பெயரோடு திருத்தினேன். வைத்தியசாலையின் தரத்தில் வேறெதையும் ஏற்றக் கூடாது, பொறுப்பாளரே விரும்பினாலும், என்று ஒரு விதியையும் சேர்க்கும்படி கேட்டேன். அந்த விதி சரியானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடிதத்தின் பிரதியை அவரிடம் கொண்டுபோனேன். அவர் மனைவி உரக்க வாசிக்க, அவர் இடையில் நிறுத்தினார்.

"கை எண்டு மட்டும் கிடக்கு. வலக்கை எண்டு போடுங்க ஐயா."

அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.