லைன் கிளியர் ரிஜிஸ்டரில் எழுதாத பெயர்

சப்ஸ்டேஷனில் ஆபரேட்டராகச் சேர்ந்த முதல் நாள், ‘லைன் கிளியர்’ கொடுப்பதும் என் வேலைதான் என்று வீட்டில் சொன்னேன். பாகாலா பக்கம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த என் நைனா சிரித்துவிட்டார்.

“நாங்க லைன் கிளியர் குடுத்தா வண்டி வரும். நீங்க குடுத்தா கரண்டே வராது. நல்ல வேலைடா!”

ரயில்வேயில் அது வண்டி வரலாம் என்ற அனுமதி. எங்களுக்கு அது, மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, கம்பத்தில் ஏறலாம் என்ற உறுதி. சுருக்கமாக எல்.சி. என்போம். இரண்டு இடத்திலும் எழுதாமல் கொடுக்கக் கூடாது.

புத்தூர் பக்கம் இருந்தபோது ஒரு கோடைக்காலப் பகல். லைன்மேன் முனிரத்தினம் இன்சுலேட்டர் மாற்ற எல்.சி. வாங்கினார். பெயர், நேரம் எல்லாம் எழுதிவிட்டு பிரேக்கரை ஆஃப் செய்தேன். சற்று நேரத்தில் அதே ஃபீடர் லைனின் கடைசியில் வேலை செய்துகொண்டிருந்த கான்ட்ராக்ட் ஆள் குமார் போன் செய்தான்.

“அண்ணா, லைன் ஆஃப்ல தான கீது? அதே எல்.சி.ல நானும் ஏறி ஜம்பர் ஒயர் கட்டிட்றேன்.”

“சரி, சீக்கிரம் முடிச்சிடு.”

ரிஜிஸ்டர் எதிரிலேயே இருந்தது. சின்ன வேலைதானே என்று எழுதவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் இல்லை.

பிறகு முனிரத்தினம் கூப்பிட்டார். “எல்.சி. ரிட்டர்ன்பா. என் ஆளுங்க எல்லாம் எறங்கிட்டாங்க. சார்ஜ் பண்ணு.”

ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அவர் பெயர் ஒன்றுதான் இருந்தது. லைனில் மின்சாரம் விட்டு சார்ஜ் செய்தேன். உடனே, லைனில் ஏதோ பட்டதுபோல் பிரேக்கர் டிரிப் ஆகித் தானே அணைந்தது. அப்போதுதான் குமார் நினைவுக்கு வந்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு உயிர் இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி, “குமார் உன்னாண்ட எல்.சி. கேட்டானா, லேதா?” என்றார். வேலை போய்விடும் என்று பயந்தேன். ரிஜிஸ்டரைக் காட்டி, கேட்கவில்லை என்றேன். ‘அனுமதியின்றி ஏறினார்’ என்று எழுதிக்கொண்டார்.

காரியத்துக்கு அவன் ஊரான நாகலாபுரம் போனேன். குமாரின் மனைவி சரளா என்னிடம் வந்து நின்றாள்.

“கேக்காமயே ஏறிட்டாருன்னு எல்லாரும் பேசிக்கினு கீறாங்கண்ணா. அவரு அப்டி ஏற்ற ஆளா? உனக்குத் தெரியாதா?”



போன மாதம் ஓய்வு பெற்றேன். புதிதாக வரும் ஆபரேட்டர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வாய்ப்பேச்சில் எல்.சி. கொடுக்காதீர்கள். எழுதாத ஆள் மறந்துபோவான்.

சரளாவிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். குமார் கேட்டான். சரி என்றது நான்தான்.