வேற்றுக்கிரகத்துக்குப் போன மாட்டுக்குறி

நான் ஒரு வேற்றுக்கிரக நாவல் எழுதினேன். சிரிக்காதீர்கள், வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். அந்தக் கிரகத்தில் எல்லோரும் போர்வீரர்கள். களத்தை விட்டு ஓடியவனைச் சபை நடுவே முழந்தாளில் இருத்தி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நெற்றியில் குறி சுடுவார்கள். பிறகு அவனுக்கு ஒருவரும் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. வீரத்தைப் பற்றி இப்படி விளாசித் தள்ளிய நான், ஷெல் சத்தம் கேட்ட முதல் நாளே செருப்பை விட்டுவிட்டு ஓடியவன்.

குறியை நானே தாளில் கீறினேன். ஒரு பிறை, நடுவே ஒரு கோடு, கீழே இரண்டு புள்ளி. ஒரு கிழமை, ஏழு நாளும் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்ததாக நினைப்பு. அட்டைப்படமும் அதுதான்.

துணுக்காயில் புத்தக வெளியீடு. வந்தவர்களில் பாதிப்பேர் மனைவியின் சொந்தக்காரர், மீதிப்பேர் வடைக்கு வந்தவர்கள். முதற்பிரதி மாமாவுக்கு, அதாவது மனைவியின் தகப்பனுக்கு. கொடுக்குமுன் ஒலிவாங்கியைப் பிடித்து, "இந்தக் குறி பூமியிலேயே கிடையாது, முழுக்க என் கற்பனை" என்று வேறு முழங்கினேன். வாய் சும்மா கிடந்தால்தானே!

மாமா கண்ணாடியைப் போட்டு அட்டையைப் பார்த்தார்.

"தம்பி, இது எங்கட மாட்டுக்குறியெல்லோ?"

ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்தது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. கலியாணத்துக்கு முன் மனைவி வீட்டு ஒழுங்கையில், அந்தக் குறுகல் தெருவில், சைக்கிளில் சும்மா சும்மா போய்வந்த காலத்தில், நான் அவளைப் பார்த்ததைவிட வழிமறித்து நின்ற மாடுகளின் பின்பக்கத்தைப் பார்த்ததுதான் அதிகம். அங்கே சுட்டிருந்த குறியைத்தான் என் மண்டை கற்பனை என்று எடுத்துக் கொடுத்திருக்கிறது.

அன்று பின்னேரம் முற்றத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்துகொண்டு மாமா கேட்டார்.

"கதையில அந்தக் குறியை ஆருக்குச் சுடுறாங்கள்?"

பொய் சொல்லப் பார்த்தேன். வரவில்லை.

"ஓடிப்போனவைக்கு, மாமா."

அவர் முகம் செத்துப்போனது. இடம்பெயர்ந்த அன்று பட்டி மாடுகளை அப்படியே விட்டுவிட்டு வந்தவர் அவர். அந்த மனுசனின் குறியைக் கோழையின் நெற்றியில் போட்டு, கூட்டம் கூட்டி, அவர் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.

"சத்தியமா உங்களை நினைச்சு எழுதேல்லை, மாமா. நானும் ஓடினனான்தானே."

"தெரியும். நீர் எங்களுக்கு முன்னால ஓடினனீர்."

கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நான் பட்டியைத் திறந்துவிட்டிட்டுத்தான் வந்தனான், தப்பிப் போகட்டுமெண்டு. திரும்பிப் போய்ப் பாக்க, எல்லாம் பட்டிக்குள்ளயே எலும்பாக் கிடக்குது. ஒண்டும் ஓடேல்லை. நான் வருவனெண்டு நிண்டிருக்குங்கள்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"குறி சுட்ட இரும்பும் போச்சு, தோலும் போச்சு. எலும்பில குறி இருக்காதெல்லோ. இனி அது உந்த அட்டையில மட்டும்தான் கிடக்கு. கத்தரிக்கோலை எடுத்து அதை மட்டும் வெட்டித் தாரும். கதை உம்மட்டயே இருக்கட்டும்."

வெட்டிக் கொடுத்தேன். மாமா அதைச் சட்டைப்பையில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டார்.