மூக்குத் தளத்து மலையம்மாள்

வில்லாபுரத்தில் மலையம்மாளைத் தெரியாதவர்கள் குறைவு. அரசு மருத்துவமனையில் முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யாருக்குத் தலை சுற்றினாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கொஞ்ச நாளாக அவருக்குக் ‘கப்பலம்மா’ என்று ஒரு பட்டப்பெயரும் சேர்ந்திருந்தது. கறிக்கடைக்காரர்கூட, “என்ன கப்பலம்மா, அடுத்து எப்பக் கெளம்புறீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தூக்குவார்.

மலையம்மாள் பிறந்தது பரவைக்கு மேற்கே ஒரு காலனியில். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத வீடு. அம்மா நாற்று நடப் போவார், களை எடுக்கப் போவார். பொழுது சாய்ந்ததும் நிலக்காரர் வீட்டு வாசலில் கூலிக்காக நிற்க வேண்டும். பக்கத்திலேயே கல் கிடக்கும், உட்காரக் கூடாது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு மலையம்மாளும் நிற்பார். பிறகு அரசு விடுதியில் தங்கிப் படித்து, நர்ஸ் வேலைக்கு வந்து, வில்லாபுரத்தில் வீடும் கட்டினார். வார்டிலும் நிற்கிற வேலைதான். கணவர் மருது பஸ் டிரைவர். மலையம்மாள் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் மாரடைப்பில் போய்விட்டார்.

வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த அம்மாவை வெளியே இழுத்துக்கொண்டு போனது மகள் தமிழ்வாணி. பெங்களூரில் வேலை பார்க்கிற பெண். “சும்மா நாலு நாள் வாம்மா, பிடிக்கலன்னா இனிமே கூப்பிடவே மாட்டேன்” என்று சென்னைத் துறைமுகத்தில் ‘நீலவேணி’ என்ற உல்லாசக் கப்பலில் ஏற்றினாள். இலங்கை வரை போய்த் திரும்புகிற கப்பல்.

முதல் நாள் விடிந்ததும் மலையம்மாள் தனியாக நடந்து கப்பலின் முன்பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். கூர்மையாக நீண்டு நிற்கும் திறந்த தளம் அது. பயணிகள் அதை ‘மூக்கு’ என்பார்கள். எட்டு மர பெஞ்சுகள் கிடந்தன. எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. நின்றே பழகிய மலையம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது ஒரு பெரியவர் நகர்ந்து இடம்விட்டார்.

“இப்படி உக்காருங்கோ. இங்கதான் காத்து நன்னா வரது.”

அவர் பெயர் பஞ்சாபகேசன். எஸ்.எஸ். காலனிக்காரர், இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தவர். இருவருக்கும் ஒரே ஊர் என்று தெரிய அரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்காத இடம் உலகத்தில் ஒன்று இருக்கிறது என்று மலையம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை போனார். போகும்போதெல்லாம் அதே தளம், அதே பெஞ்சு.

போன வருடம் தை மாதம் கம்பெனி ஓர் அறிவிப்பு அனுப்பியது. நீலவேணி ஏழு மாதத்துக்குப் பட்டறைக்குப் போகிறது, அடியிலிருந்து முடி வரை புதுப்பிக்கப் போகிறோம், அடிக்கடி வரும் பயணிகள் தங்கள் விருப்பங்களையும் கவலைகளையும் சொல்லலாம் என்று. பயணிகளுக்கென்று கம்பெனி நடத்திய வாட்ஸ்அப் குழு அன்றைக்கே பற்றிக்கொண்டது. சைவச் சமையலுக்குத் தனி அடுப்படி வேண்டும் என்று பஞ்சாபகேசன் எழுதினார். திண்டுக்கல்லில் இருந்து ஒரு வாத்தியார், நூலகத்தை இடித்து விளையாட்டு மெஷின் வைத்துவிடுவார்களோ என்று பயந்தார். லிஃப்ட் பெரிதாக வேண்டும், காலை இட்லி கல்லாக இருக்கிறது, நீச்சல் குளத்தில் பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒன்று. மலையம்மாள் யோசித்து யோசித்து இரண்டே வரி எழுதினார்: ‘பாத்ரூம் வாசல்படி உயரமாக இருக்கிறது, முட்டி வலிக்காரர்கள் தடுக்கி விழுவார்கள், அதை எடுத்துவிடவும். மூக்குத் தளத்து பெஞ்சுகளை மட்டும் தொட வேண்டாம்.’

பத்து நாளில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வீடு தேடி வந்தாள். பெயர் சரண்யாதேவி. பயணிகளைக் கவனிக்கிற அதிகாரி. கூடவே கேமராவோடு ஓர் ஆள்.

“பெரியம்மா, நானும் பரவைப் பக்கந்தான். எங்க அம்மாவும் நாத்து நட்டுத்தான் என்னயப் படிக்கவச்சாங்க” என்றாள் வந்ததும் வராததுமாக.

மலையம்மாளுக்கு உள்ளம் பொங்கிவிட்டது. நம்ம பிள்ளை ஒன்று இம்புட்டுப் பெரிய கப்பலில் அதிகாரியா! கேமராவை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு வந்த இருவருக்கும் சோறு போட்டார். கருவாட்டுக் குழம்பை சரண்யா இரண்டாம் தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள்.

“மூக்குத் தளத்த என்னாத்தா பண்ணப்போறீங்க?”

“அதுல கை வைக்க மாட்டோம் பெரியம்மா. பாத்ரூம் படியையும் எடுத்துருவோம். நான் பொறுப்பு.”

சாப்பிட்டு முடித்ததும் கேமராவுக்கு முன்னால் பேசச் சொன்னாள். மலையம்மாள் மனதில் பட்டதைச் சொன்னார். அந்தத் தளத்தில் உட்கார்ந்தால் கவலை பறந்துவிடும் என்றார். “மேல் தளத்துல போடுற பாட்டுத்தான் காதைக் கிழிக்குது. கொஞ்சம் அமைதியா ஒக்காந்திருக்கணும்ல. அம்புட்டுத்தான் வேணும் எங்களுக்கு” என்றார்.

கிளம்பும்போது சரண்யா கைக்கணினியை நீட்டினாள். “வீடியோ எடுத்ததுக்கு ஒரு கையெழுத்து பெரியம்மா, சும்மா வழக்கந்தான்.” ஆபரேஷனுக்குப் போகிற நோயாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டால் திட்டித் தீர்க்கிற மலையம்மாள், அன்றைக்கு ஒரு வரிகூடப் படிக்காமல் விரலால் கிறுக்கிக் கொடுத்தார்.

கப்பல் பட்டறையில் இருந்த மாதங்களில் கம்பெனி குழுவில் படம் படமாகப் போட்டது. புது விளக்கு, புது விரிப்பு. மூக்குத் தளத்தின் படம் மட்டும் வரவில்லை. பஞ்சாபகேசன் கேட்டதற்கு, ‘ஆச்சரியம் காத்திருக்கிறது’ என்று பதில் வந்தது. மலையம்மாள் சந்தேகப்படவில்லை. சரண்யா பொறுப்பு என்று சொல்லியிருக்கிறாளே.

அந்தத் தெம்பில்தான் கூட வேலை பார்த்த நர்ஸுகள் இரண்டு பேரையும் இந்தத் தடவை கிளப்பினார். முத்துமீனா கூப்பிட்டதும் வந்துவிட்டார். பழங்காநத்தத்துப் பாண்டிச்செல்வியைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை ஆனவர். மகன் பாண்டிராஜ், “கப்பலெல்லாம் எதுக்கு, கோயில் குளம்னு போயிட்டு வரச் சொல்லுங்க” என்று ஒரே பிடியாக நின்றான். மலையம்மாள் மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போனார்.

“வாசப்படியெல்லாம் எடுத்துட்டாங்கப்பா. முன்னாடி பெஞ்சு இருக்கு, பொழுதன்னைக்கும் அங்கயே ஒக்காந்திருக்கலாம். ஒங்க அம்மாவ நான் பாத்துக்கிறேன்.”

பாண்டிச்செல்வி கடலைக் கன்னியாகுமரியில் ஒரே ஒரு தடவை பார்த்தவர், அதுவும் நெரிசலில் ஆட்களின் முதுகுக்குப் பின்னால் நின்று. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆவணியில் ஏறினார்கள். கப்பல் முழுவதும் வார்னிஷ் வாசம். அறைக்குள் நுழைந்ததும் மலையம்மாள் முதலில் பார்த்தது பாத்ரூம் வாசலைத்தான். படி அப்படியே இருந்தது, மேலே பளபளவென்று கல் ஒட்டியிருந்தார்கள். ஈரம் பட்டால் இன்னும் வழுக்கும். இந்தத் தடவையும் வந்திருந்த பஞ்சாபகேசன் சைவ அடுப்படியைத் தேடிப் போய், அதே பழைய மேசையில் ஒரு பச்சைப் பலகை மட்டும் வைத்திருப்பதாக வந்து சொன்னார். வாத்தியாரின் நூலகம் இருந்த இடத்தில் நகைக்கடை.

“சரி விடுங்க சார், மூக்குக்குப் போவோம். அங்க போனா எல்லாம் சரியாப்போகும்” என்றார் மலையம்மாள்.

பாண்டிச்செல்வியைக் கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு, முத்துமீனா பின்னால் வர, அந்த நீண்ட நடைவழியைக் கடந்தார்கள். கடைசியில் திறந்த வெளி இல்லை, கண்ணாடிக் கதவு இருந்தது. கதவுக்கு முன் கோட்டுப் போட்ட ஒரு காவலாள்.

“கைப்பட்டை காட்டுங்க மேடம். தங்கப் பட்டை இருக்கிறவங்களுக்கு மட்டும்தான்.”

“என்னது? இது எல்லாரும் ஒக்கார்ற எடம்பா.”

“இப்ப இல்லைங்க மேடம். மேல்தட்டு அறை எடுத்தவங்களுக்கு மட்டும்.”

அப்போதுதான் முத்துமீனா, “ஏத்தா, அங்க பாரு” என்றார்.

கதவை ஒட்டிய சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். மலையம்மாளின் முகம். வீட்டில் எடுத்த வீடியோவிலிருந்து வெட்டி, பின்னால் கடலை ஒட்டியிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில்: ‘அமைதி கேட்டீர்கள். அமைத்துத் தந்தோம்.’

பாண்டிச்செல்வி படத்தைப் பார்த்தார், மலையம்மாளைப் பார்த்தார்.

“ஒன் போட்டோவே போட்டுருக்கான். அப்ப ஒனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் எங்களக் கூட்டியாந்தியா? இதுக்கு ஒனக்கு என்ன குடுத்தான்?”

“செல்வி, சத்தியமா எனக்கு...”

அதற்குள் யார் சொன்னார்களோ, சரண்யா ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டாள். முகத்தில் சிரிப்பு. “பெரியம்மா! வந்தத சொல்லவே இல்லையே!” என்று கையைப் பிடித்தவள், பிடித்த கையில் ஒரு தங்க நிறப் பட்டையை மாட்டிவிட்டாள். காவலாள் கதவைத் திறந்தான். மலையம்மாள் ஒன்றும் புரியாமல் இரண்டு எட்டு உள்ளே வைத்துவிட்டார்.

சுற்றிலும் கண்ணாடி. ஏசி. மெத்தென்ற சோஃபாக்கள். கடல் இருந்தது, சத்தம் இல்லாமல், டி.வி.யில் ஓடுகிற மாதிரி. காற்று கொஞ்சமும் இல்லை. பணியாள் ஒருவன் குனிந்து, “உக்காருங்க மேடம்” என்றான். மலையம்மாள் உட்காரவில்லை.

“இவங்க ரெண்டு பேரும்?” என்று திரும்பிக் கேட்டார்.

“உங்களுக்கு மட்டுந்தான் பெரியம்மா குடுக்க முடியும். நீங்க நம்ம விருந்தாளியாச்சே.”

பட்டையைக் கழற்றி சரண்யாவின் கையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். ஆனால் பாண்டிச்செல்வி அங்கே இல்லை. மலையம்மாள் உள்ளே போனதை மட்டும் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தனியாகவே அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

மீதி நாட்கள் எப்படிப் போயின என்பதை மலையம்மாள் இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. பாண்டிச்செல்வி கட்டிலை விட்டு எழவில்லை, பேசவும் இல்லை. பாத்ரூம் போகும்போது மட்டும் படியில் மலையம்மாளின் கையைப் பிடித்துக்கொள்வார், தாண்டியதும் விட்டுவிடுவார். முத்துமீனா, “அவ கெடக்கா, நான் ஒன்னய நம்புறேன்” என்றார். பஞ்சாபகேசன் ஒரு புகார் எழுதி, அறுபது பேரிடம் கையெழுத்து வாங்கிக் கப்பல் மேலாளரிடம் கொடுத்தார். முதல் கையெழுத்து மலையம்மாளுடையது. மேலாளர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்தம்மா கேட்டதைத்தானே சார் செஞ்சிருக்கோம். வீடியோ இருக்கு, கையெழுத்தும் இருக்கு” என்றார்.

ஊருக்கு வந்ததும் மலையம்மாள் பயணிகள் குழுவில் நடந்ததையெல்லாம் விடாமல் எழுதினார். பத்து நிமிடத்தில் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிறகு அவராகவே சரண்யாவுக்குப் போன் போட்டார்.

“பெரியம்மா, கோவமா இருப்பீங்க. என்னால என்ன செய்ய முடியும்? மேல உள்ளவங்க சொல்றதுதான். எனக்கு வேலை போயிரும்.”

“அதெல்லாம் கேக்கல நான். எனக்கு ஒன்னு மட்டும் சொல்லு. என் வீட்ல ஒக்காந்து சாப்புட்டியே, அப்பவே ஒனக்குத் தெரியுமா?”

சரண்யா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ப்ளான் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு பெரியம்மா. பயணிகள் கேட்டாங்கன்னு காட்ட ஒருத்தங்க தேவப்பட்டாங்க.”

“அதுக்கு நான்தான் கெடச்சேனா?”

“நீங்க பேசுனா யாரும் கம்பெனிய சந்தேகப்பட மாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன்.”

பரவைப் பக்கம், நாற்று நட்ட அம்மா, இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்ட குழம்பு என்று ஒவ்வொன்றாக மலையம்மாளின் கண் முன்னால் வந்தது. அதில் எது நிஜம், எது பொய் என்று கேட்டிருக்கலாம். கேட்கப் பிடிக்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

தமிழ்வாணி வக்கீல் மூலம் கடிதம் அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்துப் படத்தை எடுத்துவிட்டதாகக் கம்பெனியிலிருந்து ஒரு வரி வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. பெஞ்சுகளைப் பற்றியும் ஒன்றும் இல்லை.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மலையம்மாள் பழங்காநத்தத்துக்குப் போனார். பாண்டிச்செல்வி கதவைத் திறந்து, “வா” என்றார். காபியும் போட்டுக் கொடுத்தார். மலையம்மாள் கடிதத்தைப் படித்துக் காட்டினார். சரண்யா போனில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். பாண்டிச்செல்வி கடிதத்தை வாங்கி மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“நீ துட்டு வாங்கலன்னு எனக்கு அங்கயே தெரியும். ஒங்கூட எத்தன வருசம் வேலை பாத்திருக்கேன்? ஏதோ ஆத்தாமைல சொல்லிட்டேன்.”

மலையம்மாளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. ஆனால் பாண்டிச்செல்வி முடிக்கவில்லை.

“ஆனா எம் மகன் அம்புட்டுச் சொல்லியும் கேக்காம வந்தேன். ஏன் வந்தேன்? மலையம்மா வெவரம் தெரிஞ்சவ, நாலையும் வெசாரிக்காம ஒரு வார்த்த சொல்ல மாட்டான்னு நம்பித்தான். ஒருத்தி வந்து பெரியம்மான்னு கூப்புட்டதும் ஒம் புத்தி எங்கத்தா போச்சு?”

மலையம்மாள் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, “வாரேன் செல்வி” என்று சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கினார்.