கால் ஊன்றாத கோல்ஃப்

ஞாயிறு காலை 6.30. காஞ்சிபுரத்தில் ஆரணி பஸ் ஏறியபோது என் தோளில் கோல்ஃப் பை, உள்ளே ஐந்து மட்டைகள். அவற்றை நண்பர் தேவராஜிடம் கொடுத்துவிட்டு, விளையாட்டுக்கே முழுக்குப் போடுவதாகத் திட்டம். பதினாறு வருஷ ஆட்டத்தை மூன்று கோச்சுகள் மூன்று விதமாகத் திருத்தியதில், பந்தின் முன் நிற்பதே பரீட்சை எழுதுவது மாதிரி ஆகிவிட்டது.

"இன்னா சார், தூண்டிலா?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். எனக்கு 58 ரூபாய், பைக்கு 29.

8.45, ஆரணி. தேவராஜ் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார். பட்டு நெசவாளர், என் வயதுக்காரர். சென்னையில் நான் போயிருந்த ஒரு கண்காட்சிக்கு அவர் சேலை விற்க வந்தபோது பழக்கம். வேலூரில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒற்றை மட்டையை வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே வறண்ட ஏரியில் ஆடுகிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு கிலோமீட்டர்.

9.30. என் ஏழாம் நம்பர் மட்டையை எடுத்து அடித்துக் காட்டினார். ஓங்கும்போது வலது காலால் ஒரு மிதி, இறக்கும்போது இடது காலால் ஒரு மிதி. குழித்தறியில் உட்கார்ந்து மிதிபலகையை மிதிக்கிற அதே கால்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கால ஆட்டக்கூடாதுங்க. ஊனி நில்லுங்க" என்றேன்.

நின்றார். பத்து முறை மட்டை மண்ணைக் கொத்தியது. ஒரு பந்துகூட எழும்பவில்லை.

"கால் சும்மா இருந்தா கை இன்னா பண்றதுன்னு தெரியாம முழிக்குதுங்க. ஒரே பேஜார்" என்றார். முகம் தொங்கிப் போயிருந்தது. மூன்று கோச்சுகள் எனக்குச் செய்ததை அரை மணியில் நான் அவருக்குச் செய்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"நான் சொன்னத விட்டுத் தள்ளுங்க. உங்க மாதிரியே அடிங்க."

மிதித்தார். பந்து கருவேல மரங்களைத் தாண்டிப் பறந்து, குறிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழுந்தது. "எப்டி போச்சு பாத்தீங்களா!" என்று அவர் குதித்தபோது அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நானும் மிதித்து ஒன்று அடித்தேன். கேவலமான அடி, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளின் நடுவே உருண்டது.

"ஜல்தி வாங்க, ஆடு மென்னுடப் போவுது" என்று அவர் ஓட, நானும் ஓடினேன். பன்னிரண்டு மணி வரை ஆடினோம். பரீட்சை நினைப்பு ஒருமுறைகூட வரவில்லை.

மதியம் 2.15. பஸ் ஜன்னலுக்குக் கீழே தேவராஜ், தோளில் பையோடு.

"எல்லாத்தையும் எனக்குக் குடுத்துட்டீங்களே, அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க இன்னாத்துல அடிப்பீங்க?"

முழுக்குப் போடுவது பற்றி அவரிடம் நான் மூச்சு விடவில்லை. ஜன்னல் வழியே கையை நீட்டி ஏழாம் நம்பரை உருவினேன். அவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"அது மட்டும் வேணாங்க. நல்லா பறக்குது. வேற எடுத்துக்கோங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் விடவில்லை.