ஈசிஜி எடுப்பவனுக்கே நெஞ்சு படபடத்தால்

ஈசிஜி எடுக்கிறவனுடைய வேலை, நன்றாக ஓடுகிற இதயத்தை நன்றாக ஓடுகிறது என்று காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, வந்தவர் அதை நம்பாமல் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தமிழும் கன்னடமும் கலந்து பேசும் காக்ஸ் டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில் எனக்கு அந்த வேலை. டாக்டரம்மா, நர்ஸ் ஸ்டெல்லா, நான், மூன்றே பேர்.

நெஞ்சைத் தடவியபடி இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு ரகசியம். அப்போது எனக்கும் உங்கள் வியாதிதான். ஒக்கலிபுரத்தில் பஸ் ஏறுவேன். கூட்டம் நெருக்க ஆரம்பித்ததும் இதயம் தடதடக்கும், உள்ளங்கை வியர்க்கும், மூச்சு பாதியில் நிற்கும். செத்தோம் என்று நடுவழியில் இறங்கி, மிச்ச தூரத்தை நடப்பேன். ஒன்பது மணி வேலைக்குத் தினமும் அரை மணி நேரம் லேட். மாதக் கடைசிக்குள் இது சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாக டாக்டரம்மா சொல்லிவிட்டார். காரணத்தைச் சொல்லலாம்தான். ஆனால் இதய நோய்க்காரனை ஈசிஜி எடுக்க யார் வைத்துக்கொள்வார்கள்?

சன்னக் குரல்

சேலத்துக்காரர் ஒருவர், சாஃப்ட்வேர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர். மீட்டிங்கில் பேச எழுந்ததும் நெஞ்சு இறுகி, விரல்கள் மரத்துப்போய், நேரே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். படுக்கவைத்து, ஜெல்லி தடவி, நெஞ்சில் ரப்பர் குமிழ்களை ஒட்டினேன். ரிசல்ட்டைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் சட்டம். ஆகவே வருகிறவர்கள் என் முகத்தையும் குரலையும்தான் ரிப்போர்ட்டாகப் படிப்பார்கள்.

எனக்கோ பிறவியிலேயே சன்னக் குரல். தாத்தா கதை சொல்லச் சொல்ல 'ம்' கொட்டியே வளர்ந்தவன், அதற்கு மேல் சத்தம் பழகவில்லை. அசையாமல் படுங்கள், சும்மா மூச்சு விடுங்கள் என்று குனிந்து காதருகே சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு மெதுவா சொல்றீங்களே சார், ஊருக்குத் தகவல் குடுத்துடட்டுமா?"

தட்டில் அடித்த போன்

இன்னொருவர் கால் சென்டரில் டீம் லீடர். படுத்த மாத்திரத்தில் நாடி எழுபத்தாறு, கடிகாரம் மாதிரி. அப்போது ஸ்டீல் தட்டில் கழற்றி வைத்திருந்த அவருடைய மொபைல் அடித்தது. மேனேஜருக்கென்று தனி ரிங்டோன் வைத்திருந்தார் போல. காகிதத்தில் கோடுகள் பட்டாசுச் சரம் மாதிரி நெருங்கிவிட்டன. நூற்றுப் பதினெட்டு. போன் அடங்கிச் சற்று நேரத்தில் அதுவும் அடங்கியது. ஸ்டெல்லா சும்மா இருப்பாளா, அதே ரிங்டோனைத் தேடி எடுத்து இன்னொரு தடவை ஒலிக்கவிட்டாள். மறுபடியும் சரம்.

டாக்டரம்மா இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தெரு நாய் துரத்தினாலும் மேனேஜர் கூப்பிட்டாலும் உடம்புக்கு ஒன்றுதான், ஓடத் தயாராகிவிடும், அதுதான் இந்தத் தடதடப்பு என்றார். டீம் லீடர் ஸ்டெல்லாவிடம் திரும்பினார்.

"ஹார்ட்டுக்கு ஒண்ணும் வேணாம் சிஸ்டர், அந்த ரிங்டோனை மட்டும் தூக்கிடுங்க."

நாலாவது தடவை

ஆட்டோ ஓட்டும் முனியப்பா ஒரே மாதத்தில் மூன்று ஈசிஜி எடுத்திருந்தார். மூன்றும் நார்மல். வண்டியின் ஆர்சி புக்கோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருப்பார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்வாராம். நாலாவது எடுக்க வந்தபோது டாக்டரம்மா மறுத்துவிட்டார். சந்தேகத்துக்குத் தீனி போடப் போட அது பெருக்கத்தான் செய்யும் என்றார்.

"ஸ்வல்ப யோசிங்க டாக்டரம்மா, அது அன்னைக்கு ஹார்ட்டுக்கு எடுத்தது, இன்னைக்கு ஹார்ட்டுக்கு யாரு கேரண்டி?"

மேஜையில் நான்

முனியப்பா கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது. மறுநாள் சாப்பாட்டு வேளையில், டாக்டரம்மா மாடியில் இருக்கும்போது, கதவைச் சாத்திவிட்டு நானே மேஜையில் ஏறிப் படுத்தேன். கை கால்களில் கிளிப், நெஞ்சில் குமிழ்கள், பட்டனைத் தட்டினேன். வந்த காகிதத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். முதல் வரிசையில் மேலே நிமிர்ந்து நிற்க வேண்டிய கூர்முனைகள் எல்லாம் தலைகீழாகத் தொங்கின. அப்படியே கிடந்தேன். கிளிப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லை.

டிபன் பாக்ஸோடு வந்த ஸ்டெல்லா என்னைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள். அவர் வந்து காகிதத்தைப் பார்த்தார், என் மணிக்கட்டுகளைப் பார்த்தார். அங்கிருந்த இரண்டு கிளிப்பையும் இடம் மாற்றி மாட்டிப் பட்டனைத் தட்டினார். கூர்முனைகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. எதிரில் படுத்திருப்பவர்களுக்கே மாட்டிப் பழகிய கை எனக்கு. நானே படுத்ததும் இடம் வலம் புரண்டுவிட்டது.

அழுகை வந்துவிட்டது. பஸ்ஸைப் பற்றி எல்லாம் கொட்டிவிட்டேன். டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், எதற்கும் இருக்கட்டும் என்று தைராய்டுக்கு ரத்தமும் எடுக்கச் சொன்னார். பிறகு, இது பதற்றம்தான், பஸ்ஸில் ஓட இடமில்லாததால் இதயம் மட்டும் தனியாக ஓடுகிறது என்றார். ஒவ்வொரு தடவை நீ இறங்கும்போதும் பஸ் ஆபத்துதான் என்று உன் உடம்புக்கு நீயே சொல்லிக்கொடுக்கிறாய், நாளைக்கு இறங்காதே, மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டு இரு, ஏறினது தானே இறங்கும் என்றார். ஸ்டெல்லாவுக்கு வேறு கவலை.

"ரெண்டு வருஷமா ஊருக்கெல்லாம் சரியா மாட்டினவன் டாக்டர், தனக்குன்னதும் சோத்துக் கை எதுன்னு மறந்துட்டானே!"

கடைசி ஸ்டாப்

மறுநாள் பஸ்ஸில் வழக்கமான இடத்தில் வழக்கம்போல் தடதடப்பு ஆரம்பித்தது. கம்பியைப் பிடித்த கை வழுக்கியது. கால் தானாகப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தது. மூச்சை வெளியே விட்டேன், மறுபடி விட்டேன், முன்னால் நின்றவர் திரும்பி முறைக்கிற அளவுக்கு விட்டேன். இரண்டு ஸ்டாப் வரை அது ஏறிக்கொண்டே போனது. மூன்றாவதில் கொஞ்சம் தணிந்தது. கடைசி ஸ்டாப்பில் இறங்கும்போது சட்டை முழுக்க நனைந்திருந்தது. மணி ஒன்பதாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் சார், தினா பாதியிலயே குதிச்சிருவீங்களே, இன்னைக்குத் தூங்கிட்டீங்களா?"

படபடப்பு இன்னமும் அவ்வப்போது என்னோடு பஸ் ஏறத்தான் செய்கிறது, ஆனால் நான் இறங்குவதில்லை என்று தெரிந்துகொண்டு, இப்போதெல்லாம் அதுவே நடுவழியில் இறங்கிக்கொள்கிறது.