வினைமுற்று வரும்வரை

நான் எழுத்தாளரானது மாதத்துக்கு மூன்று நாள் என்ற கணக்கில். அந்த அட்டவணையை எனக்குப் போட்டுக்கொடுத்தவர் என் மாமியார்.

அவர் வீட்டு வழக்கப்படி, தூரமான மூன்று நாளும் நான் சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது. பின்னறையில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஹாலுக்குக்கூட வரக் கூடாது. இதெல்லாம் நடந்தது இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். என் கணவர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தார். பகல் முழுக்க அணுவோடு இருந்துவிட்டு, மாலை ஆபீஸ் பஸ்ஸில் இறங்கி வந்து, என்னைப் பின்னறையில் பார்த்ததும் "தூரமா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றுவார். இதில் அவருக்கு எந்த முரணும் தெரிந்ததில்லை.

கல்யாணமான முதல் வருஷம் அந்த மூன்று நாளும் கோபமாக உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் வருஷம் கோபமும் அலுத்துப்போய், யாரோ கொடுத்த பழைய டைரியில் எழுத ஆரம்பித்தேன். மூன்றாம் வருஷம் அந்த நாட்கள் எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கினேன். மாமியாருக்கு அறுபத்துநாலு வயது, இரண்டு முழங்காலும் சரியில்லை. அந்த மூன்று நாளும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சமைப்பார். நான் கதை எழுதுவேன். நாலாம் நாள் காலை தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வந்தாக வேண்டும் என்பதால், என் கதைகள் எல்லாம் மூன்றாம் நாள் சாயங்காலம் முடிந்துவிடும். ஒரு பத்திரிகை ஆசிரியர், "முடிவில் ஓர் அவசரம் தெரிகிறது" என்று எழுதியிருந்தார். கெட்டிக்காரர்.

நாலாம் வருஷம் ஒரு குறுநாவலைத் தொடங்கினேன். அது மூன்று நாளுக்குள் அடங்குகிற கதை இல்லை. பாதியில் நிற்கும்போது நாலாம் நாள் வந்துவிட்டது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று டைரியைப் பீரோவில் வைத்தேன். அடுத்த மாதம் வந்தது, அந்த நாள் வரவில்லை. மற்ற பெண்கள் நாள் எண்ணுவதற்கு வேறு காரணம் இருக்கும். நான் கதைக்காக எண்ணினேன்.

பத்து நாள் தள்ளிப்போனதும் பொறுமை போய்விட்டது. ஒரு காலை, கணவர் பஸ் ஏறியதும், குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் டைரியைத் திறந்தேன். என் கதாநாயகி மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சிற்பப் பட்டறைகளின் உளிச் சத்தத்தைத் தாண்டி, கடற்கரைக்கு வந்து, அங்கே நின்றிருந்த தன் கணவனைப் பார்த்து, பார்த்தது தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு - அந்த இடத்தில் நான் நாற்காலியோடு சாய்ந்துவிட்டேன்.

மாமியார் முதலில் குக்கரை அணைத்தார். அப்புறம் என் முகத்தில் தண்ணீர் தெளித்தார். நான் கண்ணைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை: "விசேஷமா?"

கல்யாணமும் விசேஷம், கிரகப்பிரவேசமும் விசேஷம், பண்டிகையும் விசேஷம். ஆனால் கல்யாணமாகி நாலு வருஷமான ஒருத்தியிடம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாலு வருஷமாகப் போனிலும் கல்யாண வீடுகளிலும் கோயில் வாசலிலும் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "இல்லை" என்று சொல்லி எனக்குப் பழகியிருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக, "தெரியலைம்மா" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் கணவரிடம் விஷயம் சொல்லப்பட்டது. அவர் டிபன் கேரியரைக் கையில் பிடித்தபடியே சுவர்க் காலண்டரில் நாட்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, "மருந்துக் கடையில அட்டை விக்கிறான். வாங்கி டெஸ்ட் பண்ணிடலாமே" என்றார். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதவர்.

"அட்டையும் வேணாம், கிட்டையும் வேணாம். இன்னும் பத்து நாள் போகட்டும். செங்கல்பட்டுல அந்த லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம்" என்றார் மாமியார்.

"அம்மா சொல்றதுதான் சரி" என்றேன். நாலு வருஷத்தில் அவரும் நானும் ஒரே கட்சியில் நின்றது அதுதான் முதல் தடவை.

எனக்கு வேறு கணக்கும் இருந்தது. மறுநாள் காலையே நான் செய்யும் வீட்டு வேலை எல்லாம் என் கையை விட்டுப் போய்விட்டது. சமையல் இல்லை, துணி இல்லை, கடைக்குப் போவது இல்லை. மாமியார் நாற்காலியை ஜன்னல் ஓரத்தில் போட்டுக்கொடுத்தார். "சும்மா உக்காந்திரு. வேணும்னா அந்தக் கதை எழுது" என்றார். பத்து நாள். அதுவும் சேர்ந்தாற்போல. எந்தப் பரிசுத் தொகையும் எனக்கு இத்தனை பெரிதாகத் தெரிந்திருக்காது.

முதல் இரண்டு நாள் நான் முழுதாக நம்பினேன். அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கம் எழுதி முடிக்கும்போதெல்லாம் இடது கை தானாக வயிற்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கும் ஆசை இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் "இல்லை" என்று சாதாரணமாகச் சொல்லிப் பழகியதால், ஆசையே இல்லை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தையோடு சேர்த்து இரண்டு பேருக்குப் பெயர்கூட யோசித்து வைத்தேன். இன்னொருத்தி என் கதாநாயகி. அதுவரை அவளுக்கும் பெயர் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது வீட்டு வேலைக்கு வரும் அம்மாள். சதுரங்கப்பட்டினம் குப்பத்திலிருந்து வருபவர், வீட்டுக்காரர் கடல் தொழில். தரையைத் துடைத்துக்கொண்டே வந்தவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி, கையில் துணியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது, எழுதச்சொல்லோ மூச்சே வுட மாட்டேன்ற?"

"விடாம எப்படி இருக்க முடியும்?"

"நான் பாத்துகினுதான கீறேன். தம் கட்டிகினு எழுதுற. எங்க வூட்டுக்காரு பாறையில சிப்பி எடுக்க முங்கச்சொல்லோ இப்டித்தான் தம் கட்டுவாரு. மேல வந்தா கண்ணு இருட்டிகினு வருதும்பாரு. வயித்துல புள்ளைய வச்சிகினு இதெல்லாம் வேணாம்மா."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு போனதும் நான் என்னைக் கவனித்தேன். அந்த அம்மாள் சொன்னது உண்மை. வாக்கியத்தைத் தொடங்கும்போது மூச்சை உள்ளே இழுக்கிறேன். வினைமுற்று வந்தபிறகுதான் வெளியே விடுகிறேன். நடுவில் ஒன்றும் இல்லை. தமிழில் இது ஆபத்தான பழக்கம். வந்து, பார்த்து, நின்று, திரும்பி என்று எச்சங்களாகவே அடுக்கிக்கொண்டு போகலாம், இலக்கணம் ஒன்றும் சொல்லாது. கடைசி வினை வரும்வரை யார் என்ன செய்தார்கள் என்பது முடிவாகாது. அது முடிவாகும்வரை என் நெஞ்சும் மூச்சை விடுவதாக இல்லை. பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. பின்னால் அந்தக் குறுநாவல் வெளிவந்தபோது ஒரு வாசகர், "மூச்சுவிடாமல் படித்தேன்" என்று கடிதம் போட்டார். நான் எப்படி எழுதினேன் என்று அவருக்குப் பதில் எழுதவில்லை.

அன்று மதியம் சோதித்துப் பார்த்தேன். "அவள் இறங்கினாள். நடந்தாள். பார்த்தாள்" என்று அரைப் பக்கம் எழுதினேன். ஒன்றும் ஆகவில்லை. பழைய மாதிரி ஒன்பது எச்சம் வைத்து ஒரு வாக்கியம் எழுதினேன். ஜன்னல் கம்பிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. மயக்கத்தின் காரணம் விளங்கிவிட்டது. நாள் தள்ளிப்போனதற்கும் எனக்கு விடை தெரியும். முன்பும் இரண்டு தடவை, அடுத்த கதை பிடிபடாமல் அதையே நினைத்துச் சாப்பிடாமல் தூங்காமல் திரிந்த மாதங்களில், எட்டு நாள் ஒன்பது நாள் தள்ளிப்போயிருந்தது. அந்தக் கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும்.

வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது. உடனே எழுந்துபோய் மாமியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் அடுத்த அறையில்தான் பழைய வேட்டிகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தார், குழந்தைக்கு மெத்தென்று இருக்குமாம். நான் எழுந்துகொள்ளவில்லை. கதை பாதியில் இருந்தது. சொன்னால் ஜன்னல் ஓர நாற்காலி போய்விடும், மறுபடியும் மாதத்துக்கு மூன்று நாள் ஆகிவிடும். இதைவிட நல்ல காரணம் ஏதாவது இருக்குமா என்று பல வருஷம் யோசித்துப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

ஆக, தெரிந்தே தம் கட்டி எழுதினேன். குட்டை வாக்கியம் அந்தக் கதைக்குச் சரிப்பட்டு வரவில்லை. வலது காது சுட்டது. பல்லைக் கடித்துக் கடித்து ஒரு கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டது. கால் விரல்கள் உள்பக்கமாக மடங்கிக்கொண்டு, எழுந்திருக்கும்போது நேராக மறுத்தன. எழுத்து மனத்தைப் பண்படுத்தும் என்று மேடையில் பேசுகிறார்கள். என் மனம் அந்த நாட்களில் திருடனுடைய மனம் மாதிரிதான் இருந்தது. உடம்புதான் ஒழுங்காக உழைத்தது.

ஆறாம் நாள் காலையில் வெறும் வயிற்றில் மூன்று காபி குடித்துவிட்டு, கதாநாயகி கணவனிடம் பொய் சொல்லும் இடத்தை எழுதி முடித்து எழுந்தேன். அப்படியே வாந்தி எடுத்தேன். மாமியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டே, முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்து, தரையைத் துடைத்தார். நான் குனிந்தபோது கையைத் தட்டிவிட்டார்.

மறுநாள் அவர் தனியாகப் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் போனார். எதற்கு என்று சொல்லவில்லை. மலைக்கு ஐந்நூறு படிக்கு மேல் இருக்கிறது. மதியம் திரும்பி வந்தபோது முழங்கால் இரண்டும் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தன. என் நெற்றியில் விபூதி வைத்தார். "தைலம் தேய்ச்சு விடறேம்மா" என்றேன். "நீ இப்ப அதெல்லாம் செய்யக் கூடாது" என்றார். அன்று சாயங்காலம் போனை எடுத்து, திருச்சியில் இருக்கும் தன் மகளிடமும், தங்கையிடமும், அண்ணியிடமும் சொன்னார். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்பதும் அவர் வைத்திருந்த விதிதான். அதை அவரே மீறிவிட்டார். அண்ணியிடம் பேசும்போது மட்டும் குரல் கொஞ்சம் உயர்ந்தது. நாலு வருஷமாக "விசேஷம் உண்டா?" என்று அவரை அதிகம் கேட்டவர் அந்த அண்ணி.

ஒன்பதாம் நாள் மதியம் கதை முடிந்தது. கடைசி வாக்கியம் முக்கால் பக்கம். வினைமுற்றைப் போட்டுவிட்டு மூச்சு விட்டேன். இத்தனை நல்லதாக எதையும் நான் எழுதியதில்லை என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

மறுநாள் காலை தூரமானேன். அடுத்த நாள் செங்கல்பட்டு டாக்டரிடம் போவதாக இருந்தது.

அந்த வீட்டில் இதை வாயால் சொல்லும் வழக்கம் கிடையாது. சமையலறை வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் நின்றால் போதும். நின்றேன். மாமியார் அடுப்பைப் பார்த்தபடி, "காபி கலந்து வச்சிருக்கேன், எடுத்துக்கோ" என்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் நிலைப்படிக்கு வெளியே நின்ற என் கால்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுப்பை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பால் பாத்திரத்தை மூடினார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அந்தக் கதையாவது முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதும்மா."

"சரி. போய்ப் படு."

நான் பின்னறைக்குப் போய்ப் பாயை விரித்தேன். கொஞ்ச நேரத்தில் ஹாலில் போன் எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. மகனைப் பேசச் சொல்லவில்லை. மூன்று பேரிடமும் அவரே பேசினார். "இல்ல, இல்ல. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். வயசாச்சுல்ல, அவசரப்பட்டுட்டேன். அவ பாவம், அவ ஒண்ணும் சொல்லலை. நானாத்தான் சொல்லிக்கிட்டேன்." மூன்று தடவையும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். அண்ணியிடம் பேசும்போது குரல் மிகவும் தணிந்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில் அவர் என்ன கேட்டாரோ, "இல்ல அண்ணி, முழுக்க என் தப்புதான்" என்று மறுபடியும் சொன்னார்.

நடுவில் எழுந்துபோய், எனக்கு ஏழு நாளாகத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். மூன்று போன் பேசுகிற அளவுக்கு நேரம் இருந்தது. ஆனால் நான் ஹாலுக்கு வரக் கூடாது என்று அவர் விதி வைத்திருந்தார். நாலு வருஷத்தில் அன்று ஒருநாள்தான் நான் அந்த விதியை மனப்பூர்வமாகக் கடைப்பிடித்தேன்.