தூக்கி ஊற்றிய மருந்து

1930களின் நடுப்பகுதி. இலங்கையில் மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராக ஜனங்களை வாரிக்கொண்டிருந்தது. தொண்டு செய்ய ஆள் வேண்டும் என்று கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். முதல் ஆளாக நான்தான் பேர் கொடுத்தேன். இருபத்திரண்டு வயது, கதர்ச் சட்டை, தீண்டாமை பாவம் என்று சந்தை சந்தையாகப் போய்ப் பேசுகிற வாய். வெள்ளகோவில் பக்கம் எங்களுக்குத் தோட்டம், காடு, பண்ணையம் எல்லாம் உண்டு. "அக்கரைக்குப் போயிச் சாவறதுக்கா கண்ணு உன்னையப் பெத்தேன்?" என்று அம்மா அழுதாள். நான் பெரிய தியாகி மாதிரி ரயிலேறினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பல்ல.

கண்டிக்குப் போகிற வழியில் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்தையே ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டதுதான் கட்டில், அதிலும் இடமில்லாதவர்கள் தரையில். உள்ளே நுழைந்ததும் அடித்த வாடையில் வாந்தி எடுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்து நர்ஸம்மா ஒருவர் துடைப்பத்தை என் கையில் கொடுத்து, "முதல்ல உம்மட வாந்தியைக் கழுவும் தம்பி" என்றார். முதல் நாள் நான் செய்த தொண்டு அவ்வளவுதான்.

இரண்டு நாளில் பழகிவிட்டது. கொயினா மருந்தை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து தருவார்கள். கொண்டுபோய்க் குடிக்க வைப்பது என் வேலை. பெரும்பாலும் சிங்களக் கிராமத்து ஜனங்கள், பாஷை புரியாது. தலையைத் தூக்கி மடியில் சாய்த்து, டம்ளரை வாயில் வைத்துப் புகட்டுவேன். எச்சில் என் கையில் வழியும், துடைத்துக்கொள்வேன். அடேயப்பா, நாம் எவ்வளவு பெரிய மனுஷன் என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

நாலாம் நாள் காலை, தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். "குளுருதுங்க அம்மணி" என்று நர்ஸம்மாவிடம் முனகினார். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் சொந்தக்காரரையே பார்த்த மாதிரி ஓடினேன்.

"ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?"

சொன்னார். எங்கள் ஊரேதான். கண்ணைத் திறந்து என்னை உற்றுப் பார்த்தவர், அந்த நடுக்கத்திலும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"சின்னப் பண்ணாடிங்களா? சாமி, நானு உங்க பண்ணையத்துல மாடு கன்னு பாத்தவனுங்க. தெக்கு வளவுங்க." ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த சேரியைத்தான் வளவு என்போம்.

"அட, நீயா! எப்படா இங்க வந்தே?" என்றேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அரை நிமிஷத்துக்கு முன் வாய் நிறைய வந்த 'ங்க' எங்கே போனதோ!

டம்ளரை நீட்டினேன். "ஐயோ, வேண்டாமுங்க சாமி" என்று இரண்டு கையையும் குவித்து வாயோடு சேர்த்து வைத்துக்கொண்டார். எங்கள் வாசலில் அவர் தண்ணீர் குடித்ததெல்லாம் அப்படித்தான். நான் சின்ன வயதிலிருந்து பார்த்ததும் அதைத்தான். என் கை தானாக மேலே போயிற்று. ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றினேன்.

குளிரில் வெடவெடவென்று ஆடுகிற கை. மருந்து விரலிடுக்கில் வழிந்து நெஞ்சிலும் பாயிலும் போயிற்று. ஒரு மிடறுகூட உள்ளே இறங்கவில்லை. ஈர விரல்களை நக்கிக்கொண்டார்.

"குடிச்சிட்டாரோ?" என்று நர்ஸம்மா தூரத்திலிருந்து கேட்டார். மருந்துக்குத் தட்டுப்பாடு. சிந்திவிட்டது என்றால் எப்படிச் சிந்தியது என்று சொல்ல வேண்டும். அப்புறம் என் கதர்ச் சட்டைக்கு என்ன மரியாதை?

"குடிச்சுட்டாருங்க" என்றேன்.

பாயில் இருந்தவர் என்னைப் பார்த்தார். பண்ணாடி சொன்னதை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர். அடுத்த வேளை மருந்துக்கு முன்பே நினைவு தப்பிவிட்டது. மறுநாள் முற்பகலில் போய்விட்டார். முற்றிப்போன காய்ச்சல், எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். டாக்டருக்கு நான் செய்தது தெரியாது.

சாதி தெரியாதவர்களை எல்லாம் மடியில் தாங்கினேன். தெரிந்த ஒரே ஒருவருக்குத் தூக்கி ஊற்றினேன். கடல் தாண்டிப் போய் நான் கிழித்தது இதுதான்.

ஊர் திரும்பியதும் அவருடைய தாயிடம் சொல்லப் போனேன். அந்த வளவுக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. வெட்கக்கேடு, அன்றும் வைக்கவில்லை. வேலியோரம் நின்று கூப்பிட்டுத்தான் சொன்னேன். அழுது ஓய்ந்த பிறகு அந்த அம்மாள் கேட்டார்:

"என்ர பையனுக்குக் கடைசியா வாயில மருந்து தண்ணி ஊத்துனது ஆருங்க சாமி?"

நடந்ததைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். "நாந்தான்" என்பதோடு நின்றுவிட்டது.

"பண்ணாடி கையாலயா! குடுத்து வெச்சவனுங்க சாமி" என்று மண்ணில் விழுந்து கும்பிட்டார்.

முகத்தில் காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு என்றோ மறந்திருப்பேன். அந்தக் கும்பிட்டை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரியவில்லை.